பெயர்ப்பலகைக்கு முன் ஓவியம்: கலையை ரசிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1642இல் வரைந்து முடித்த பெரிய குழு ஓவியம் ஒன்றை உலகம் ‘இரவுக் காவல்’ என்ற பெயரால் அறிகிறது. அந்தப் பெயரை அவர் வைக்கவில்லை. ஓவியத்தின் மேல் பூசியிருந்த வார்னிஷ் காலப்போக்கில் கறுத்து, காட்சி இருளில் நடப்பதுபோலத் தோன்றத் தொடங்கிய பிறகு, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறர் சூட்டிய பெயர் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்தப் படலத்தைத் துடைத்தெடுத்தபோது உள்ளேயிருந்து பகல் வெளிவந்தது. நடுவில் நிற்கும் தளபதி முன்னால் நீட்டியிருக்கும் கையின் நிழல், பக்கத்தில் நடக்கும் துணைத்தளபதியின் வெளிர்மஞ்சள் உடையின் மீது தெளிவாக விழுந்திருக்கிறது. மேலிருந்து சாய்வாக இறங்கும் வலுவான ஒளியில்தான் அப்படியொரு நிழல் விழும். ஆனால் பெயரை முதலில் படித்துவிட்டு வருபவர் இரவைத்தான் தேடுவார். நிழல் அவர் கண்ணில் படாது.

ஓவியத்தின் முன் நிற்கும்போது நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது. கண் செய்ய வேண்டிய வேலையை ஓவியத்தின் பக்கத்தில் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகையிடமோ, புகழிடமோ, கதையிடமோ, கைபேசியிடமோ ஒப்படைத்துவிட்டு, பார்த்து முடித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து 2001இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, புகழ்பெற்ற ஓவியங்களின் முன்கூட ஒருவர் நிற்கும் நேரத்தின் இடைநிலை அளவு 17 வினாடிகள் என்று கண்டது. பலகையை வாசிக்கும் நேரமும் அதில் அடக்கம். ஆகவே முதலில் ஓவியத்தைப் பாருங்கள், பிறகு பலகையைப் படியுங்கள், அதன்பின் மீண்டும் ஓவியத்துக்குத் திரும்புங்கள். முதல் பார்வையில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் எளியவை: ஒளி எங்கிருந்து வருகிறது, கண் முதலில் எங்கே போகிறது, அங்கிருந்து எது அதை இழுத்துச் செல்கிறது, ஓரங்களில் என்ன நடக்கிறது, வண்ணம் எங்கே தடித்தும் எங்கே மெலிந்தும் இருக்கிறது? இவற்றுக்கு விடை காண இரண்டு மூன்று நிமிடங்களாவது தேவைப்படும். முதல் நிமிடம் சலிப்பாகவே இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த தவறு, ‘அப்படியே இருக்கிறதா’ என்பதையே அளவுகோலாக்குவது. ‘இதை என் பிள்ளையே வரைந்துவிடும்’ என்ற புகழ்பெற்ற கேலி இங்கிருந்துதான் பிறக்கிறது. பிக்காசோ ‘அறிவியலும் அறமும்’ என்ற ஓவியத்தை 1897இல் வரைந்தபோது அவருக்கு வயது 15. நோயாளியின் படுக்கையருகே மருத்துவர் நாடி பார்க்கும் அந்தக் காட்சியில் உடலமைப்பு, துணி மடிப்பு, அறையின் ஒளி எல்லாம் மரபின் இலக்கணப்படி அமைந்திருக்கின்றன. பின்னாளில் அவர் முகங்களை உடைத்து அடுக்கியது வரையத் தெரியாததால் அல்ல என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் இந்த வாதத்தையும் ஓரளவுக்கு மேல் நம்பக்கூடாது. தத்ரூபமாக வரையத் தெரிந்தவர் என்பதற்காக அவருடைய உருவம் உடைந்த ஓவியங்களை மன்னித்து ஏற்றுக்கொள்வதும் அதே பழைய அளவுகோலைப் பின்வாசல் வழியாக உள்ளே விடுவதுதான். அமெரிக்க ஓவியர் விஸ்லர் 1871இல் தம் தாயை வரைந்து, அந்த ஓவியத்துக்கு ‘சாம்பலும் கறுப்பும்: ஓர் அமைப்பு, எண் 1’ என்ற பொருளில் தலைப்பிட்டார். சுவரில் தொங்கும் சட்டத்தின் செவ்வகம், திரைச்சீலையின் நெடுங்கோடு, உட்கார்ந்திருக்கும் உருவத்தின் கரிய முக்கோணம் ஆகியவை ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன என்பதைக் கவனியுங்கள் என்று கேட்கும் தலைப்பு அது. உலகமோ அதை ‘விஸ்லரின் தாய்’ என்று மாற்றிக்கொண்டு, தாய்ப்பாசத்தின் படமாகப் பார்த்துப் பழகிவிட்டது. இருப்பினும் அந்த அமைப்பைக் காணப் பழகிய கண்ணுக்கு, எந்த உருவமும் இல்லாத ஓவியத்திலும் எடை, இடைவெளி, இழுவிசை ஆகியவை புலப்படத் தொடங்கும்.

கொஞ்சம் படித்தவர்கள் செய்யும் தவறு வேறு. ஒவ்வொரு பொருளையும் குறியீடாக்கி, ஓவியத்தை விடுகதையாக்கிவிடுவார்கள். பழைய ஃபிளெமிஷ் ஓவியர் யான் வான் ஐக் 1434இல் வரைந்த அர்னோல்ஃபினி தம்பதியின் ஓவியம் இதற்குச் சரியான இரை. பட்டப்பகலில் எரியும் ஒற்றை மெழுகுவத்தி, காலடியில் நாய்க்குட்டி, கழற்றிப் போட்ட மரச்செருப்பு, சன்னலோரத்தில் ஆரஞ்சுப் பழங்கள், பின்சுவரில் குவியாடி, அதன் மேலே ‘யான் வான் ஐக் இங்கே இருந்தார்’ என்ற எழுத்து. 1934இல் கலை வரலாற்றாளர் எர்வின் பனோஃப்ஸ்கி இவற்றையெல்லாம் கோத்து, ஓவியமே ஒரு திருமணச் சான்றிதழ் என்று வாதிட்டார். பின்வந்த அறிஞர்கள் பலர் அதை ஏற்கவில்லை. அந்தப் பெண் கருவுற்றிருக்கிறார் என்று பார்ப்பவர்களில் பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் அவர் அக்கால வழக்கப்படி கனத்த உடையின் மடிப்புகளை வயிற்றுக்கு முன்னால் தூக்கிப் பிடித்திருக்கிறார். இந்த வழக்கு தீர்வதற்குக் காத்திராமல் நாம் பார்க்கக்கூடியவை அங்கே ஏராளம். பித்தளைச் சரவிளக்கின் ஒவ்வொரு வளைவிலும் ஒளி வெவ்வேறு விதமாக மின்னுகிறது. ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாத அந்த மரப்பலகை ஓவியத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் கண்ணாடிக்குள், முழு அறையும் பின்பக்கத்திலிருந்து, வாசலில் நிற்கும் இன்னும் இருவரோடு, மறுபடி வரையப்பட்டிருக்கிறது. ‘இதற்கு என்ன அர்த்தம்’ என்ற கேள்வியைச் சற்று ஒத்திவைத்து, ‘இது எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது’ என்று கேட்டால் ஓவியம் அதிகமாகப் பேசும்.

பெயருக்கு மயங்குவதைப் பற்றி இரண்டு நிகழ்ச்சிகளே போதும். பெர்லினில் உள்ள ‘பொன் தலைக்கவசம் அணிந்த மனிதன்’ நெடுங்காலம் ரெம்பிராண்டின் தலைசிறந்த படைப்புகளில் ஒன்றாகப் போற்றப்பட்டது. 1980களின் நடுவில் அது அவர் கை அல்ல, அவரைச் சூழ்ந்திருந்த வேறொருவருடையது என்று ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். கவசத்தின் மேல் மேடாக அப்பியிருக்கும் வண்ணத்தில் அன்று ஒரு துளியும் மாறவில்லை, ஆனால் அதைப் பற்றிய பேச்சு மாறிவிட்டது. நேர்மாறாக, 1937இல் டச்சு ஓவியர் ஹான் வான் மீகரன் தாமே வரைந்த ‘எம்மாவுஸ் விருந்து’ ஓவியத்தைப் பதினேழாம் நூற்றாண்டு மேதை வெர்மீருடையது என்று நம்பவைத்தபோது, அக்காலத்தின் தலைசிறந்த நிபுணர் ஒருவரே அதை வெர்மீரின் உச்சம் என்று எழுதினார். போர் முடிந்து, ஒரு ‘வெர்மீரை’ நாஜிகளுக்கு விற்ற குற்றத்துக்காக மீகரன் கைதான பிறகு, காவலில் இருந்தபடியே இன்னொரு ‘வெர்மீரை’ வரைந்து காட்டித்தான் தம் மோசடியை அவர் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இன்று அந்த ஓவியத்தின் கனத்த இமைகளையும் சப்பையான முகங்களையும் பார்ப்பவர்களுக்கு, நிபுணர் எப்படி ஏமாந்தார் என்பதுதான் வியப்பு. வெர்மீர் என்ற சொல் காதில் விழுந்தபின் கண் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை.

அச்சுப் படத்தையும் திரையையும் பார்த்துவிட்டு ஓவியத்தைப் பார்த்ததாக எண்ணுவது இன்றைய தவறு. திரையில் எல்லா ஓவியங்களும் ஒரே அளவில் வந்து நிற்கின்றன. மோனாலிசாவின் உயரம் 77 சென்டிமீட்டர். பிக்காசோவின் ‘குவர்னிகா’வின் அகலம் ஏழே முக்கால் மீட்டர். ஒன்றை நோக்கி நாம் குனிகிறோம், இன்னொன்றின் முன் தலையைத் திருப்பித் திருப்பி நடக்கிறோம். அந்த உடலசைவும் ஓவியர் திட்டமிட்டதன் ஒரு பகுதியே. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் ‘பேரலை’யைச் சுவரளவு ஓவியமாகக் கற்பனை செய்திருப்பவர்கள், அது இரண்டு கைகளில் பிடித்துப் பார்க்கக்கூடிய, மரக்கட்டையில் செதுக்கி ஒற்றியெடுத்த அச்சுத் தாள் என்று அறியும்போது ஏமாறுகிறார்கள், ஏமாறத் தேவையில்லை, அருகில் போனால் போதும்.

நம் கண்முன் இருப்பது படைத்தவர் விட்டுச்சென்ற நிலையிலேயே இருக்கிறது என்று நம்புவதும் தவறு. வான் கோ 1888இல் தம் படுக்கையறையை வரைந்தபோது சுவர்கள் வெளிறிய ஊதா நிறம் என்று தம்பிக்கு எழுதினார். இன்று அவை நீலமாகத் தெரிகின்றன. ஊதாவில் கலந்திருந்த சிவப்பு வெளிச்சத்தில் மங்கிப்போனதே காரணம். பண்டைய கிரேக்கப் பளிங்குச் சிலைகள் வண்ணம் பூசப்பட்டவை. அந்த வண்ணம் உதிர்ந்ததால் கிடைத்த வெண்மையைத்தான் பிற்காலம் தூய்மையின் இலக்கணமாகக் கொண்டாடியது.

இவ்வளவும் சொன்னபின், அறிவே வேண்டாம், உணர்ந்தால் போதும் என்று ஒருவர் முடிவுசெய்தால் அது எதிர்ப்பக்கத்துத் தவறு. சீனக் கைச்சுருள் ஓவியம் வலமிருந்து இடமாக, ஒரு கையால் விரித்து மறு கையால் சுருட்டி, கொஞ்சம் கொஞ்சமாகப் பயணிப்பதற்காக வரையப்பட்டது என்பதை அறியாமல், கண்ணாடிப் பேழைக்குள் முழுவதும் விரிந்து கிடப்பதைப் பார்ப்பவருக்கு அது வெறும் நீளமான படம். ரோமில் சான் லூயிஜி தேவாலயத்தின் சிற்றாலயத்துக்காக இத்தாலிய ஓவியர் கரவாஜியோ வரைந்த ‘மத்தேயுவின் அழைப்பு’ ஓவியத்தில் ஒளி வலப்பக்கத்திலிருந்து வருகிறது; அந்தச் சிற்றாலயத்தின் உண்மையான சன்னலும் அதே திசையில்தான் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு பார்ப்பவர் சுவரையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்குவார். இத்தகைய அறிவு கண்ணுக்கு வேலை கொடுக்கிறது. ஓவியரின் காதல்களும் ஓவியத்தின் ஏல விலையும் கண்ணின் வேலையைப் பறிக்கின்றன.

சிறியவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். ஒரே நாளில் எல்லாக் கூடங்களையும் சுற்றி முடிக்க வேண்டாம், நான்கைந்து ஓவியங்கள் போதும். படம் பிடிப்பதானால் பார்த்து முடித்த பிறகு பிடியுங்கள். பிடிக்காத ஓவியத்தைப் பிடித்ததாக நடிக்க வேண்டாம், ஆனால் பிடிக்கவில்லை என்பதும் நன்றாக இல்லை என்பதும் ஒன்றல்ல.

கடைசித் தவறு, ‘எனக்கென்ன தெரியும்’ என்று சொந்தக் கண்ணைச் சந்தேகிப்பது. 1961இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு ஓவியர் மத்தீசின் ‘படகு’ என்ற காகித வெட்டோவியம் 47 நாட்கள் தலைகீழாகத் தொங்கியது. பாய்மரப் படகையும் நீரில் அதன் பிம்பத்தையும் சில கோடுகளில் காட்டும் படைப்பு அது. நிபுணர்களும் பல்லாயிரம் பார்வையாளர்களும் அதைக் கடந்து போனார்கள். தவறைக் கண்டுபிடித்தவர் பார்வையாளராக வந்த ஒரு பங்குத் தரகர். சிக்கலான வடிவம் கீழேயும் எளிய வடிவம் மேலேயும் இருப்பது அவருக்கு உறுத்தியது. பிம்பத்தைவிடப் படகைக் குறைவாக எந்த ஓவியரும் வரையமாட்டார் என்று அவருக்குத் தோன்றியது.