பெஞ்ச் பிரஸில் முதுகை வளைக்கலாமா? எங்கே, எவ்வளவு?

பெஞ்சில் மல்லாந்து படுத்து, பாரை (எடை மாட்டும் கம்பி) நெஞ்சுவரை இறக்கித் தள்ளும் பயிற்சிதான் பெஞ்ச் பிரஸ். அதில் முதுகை வளைக்கலாம். ஆனால் வளைவு இடுப்பில் தொடங்கக் கூடாது, மேல்முதுகில் தொடங்க வேண்டும். புதிதாக ஜிம்முக்கு வருபவர்கள் இதைத்தான் தலைகீழாகச் செய்கிறார்கள்: இடுப்பை வில்லாக நெரித்துவிட்டு, தோளைத் தளர்வாக விட்டுவிடுகிறார்கள்.

முதுகைப் பலகை மாதிரி தட்டையாக வைத்துப் பாரை இறக்கினால் தோள் முன்பக்கமாக உருண்டு வரும். மார்பு தாங்க வேண்டிய சுமையில் ஒரு பங்கு தோள்மூட்டின் முன்பக்கத்தில் போய் உட்காரும். முதுகில் சிறகு மாதிரி இருக்கும் இரண்டு ஷோல்டர் பிளேடுகளையும் பின்னால் இழுத்து, இடுப்புப் பக்கமாக இறக்கிப் பாருங்கள். நெஞ்சு தானாக எழும்பும். நமக்கு வேண்டிய வளைவு அதுதான்.

முதுகெலும்பு தாங்குமா என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் எடை முதுகெலும்பின் நெடுக்கே இறங்குகிறது. இங்கே பார் தோளுக்கு நேர் மேலே நிற்பதால், எடை கை வழியாக மேல்முதுகுக்கும் அங்கிருந்து பெஞ்சுக்கும் போய்விடும். கீழ்முதுகுக்கு அதில் பங்கு குறைவு. ஆனால் பின்னால் வளைந்தாலே வலிக்கிறது என்பவர்களும், முதுகெலும்பு முன்நகர்ந்திருப்பதாக மருத்துவர் சொன்னவர்களும் இதைத் தொட வேண்டாம். முதலில் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள்.

எடை ஏற்றும் முன்

வெறும் பாரில் தொடங்குங்கள். ஒலிம்பிக் பார் 20 கிலோ. சில ஜிம்களில் இருப்பது 10, 15 கிலோ பார், கேட்டுக்கொள்ளுங்கள். பெஞ்சின் ரெக்சின் வழவழப்பாக இருந்தால் வியர்வையில் மேல்முதுகு தலைப்பக்கம் வழுக்கிப் போகும், வளைவும் கூடவே போய்விடும். துடைத்துவிட்டு, பருத்தி டீஷர்ட்டோடு படுங்கள்.

பார் மேலே விழாமல் இரண்டு பக்கமும் தாங்கும் சேஃப்டி கம்பியின் உயரத்தை வளைவை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நெஞ்சை எழுப்பியிருக்கும்போது பார் கம்பியில் இடிக்காமல் நெஞ்சைத் தொட வேண்டும். வளைவை விட்டுத் தட்டையாகப் படுத்தால் பார் கம்பியில் உட்கார வேண்டும். ரெப் (ஒரு முறை இறக்கித் தள்ளுவது) முடியாமல் மாட்டிக்கொண்டால் இதுதான் வெளியே வரும் வழி.

செய்முறை

1. கண் பாருக்கு நேர் கீழே வரும்படி படுங்கள். பாரைக் கட்டை விரலோடு சேர்த்து முழுக் கையால் பிடியுங்கள்.

2. ஷோல்டர் பிளேடுகளைச் சேர்த்து இறக்குங்கள். காதுக்கும் தோளுக்கும் நடுவே இடைவெளி கூட வேண்டும். தோள் காதை நோக்கி ஏறினால் தப்பு.

3. பாதங்களை முட்டிக்கு நேர் கீழேயோ சற்றுப் பின்னாலோ முழுசாக ஊன்றி, தரையை முன்பக்கமாகத் தள்ளுங்கள். அந்த விசை உடம்பைத் தலைப்பக்கம் தள்ளும், வளைவு இறுகும். புட்டம் பெஞ்சை விட்டு எழவே கூடாது. எழுந்தால் பாதம் அதிகம் பின்னால் போயிருக்கிறது, அல்லது தரையைக் கீழ்நோக்கி உதைக்கிறீர்கள். கால் எட்டாதவர்கள் காலடியில் எடைத்தட்டு போட்டுக்கொள்ளலாம்.

4. பாரை ரேக்கிலிருந்து எடுப்பது. கட்டிய வளைவு பெரும்பாலும் கலைவது இந்த இரண்டு நொடியில்தான். பாரைத் தாங்கும் ரேக்கின் கொக்கி உயரமாக இருந்தால் கை நீட்டி எட்ட வேண்டியிருக்கும். ஷோல்டர் பிளேடுகள் பிரிந்து, தோள் முன்னே வந்துவிடும், பிறகு எடையோடு அதைத் திரும்பச் சேர்க்க முடியாது. பிடித்திருக்கும்போது முழங்கை சற்று மடங்கியிருக்கும் உயரத்தில் கொக்கியை வையுங்கள். பாரைத் தூக்கி எறியாமல், தோளுக்கு மேலே இழுத்துக் கொண்டுவாருங்கள். ஸ்பாட்டர் (தலைமாட்டில் நின்று உதவுபவர்) இருந்தால் கைகொடுக்கச் சொல்லுங்கள்.

5. மூச்சை நிறைய இழுத்து அடக்கிக்கொண்டு, பாரை மார்புக்காம்புக்குச் சற்றுக் கீழே இறக்குங்கள். முழங்கை உடம்புக்கு ஏறக்குறைய 45 முதல் 70 டிகிரி. தொட்டதும் மேலேயும் தோளை நோக்கியும் சாய்வாகத் தள்ளுங்கள்.

வெறும் பாரில் 3 செட், செட்டுக்கு 8 ரெப். ஒவ்வொரு செட்டுக்கும் தோளையும் காலையும் புதிதாக அமைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வளைவு?

கீழ்முதுகுக்கும் பெஞ்சுக்கும் நடுவே உள்ளங்கை நுழைந்தால் தொடக்கக்காரருக்குத் தாராளம். கீழ்முதுகு பிடித்துக்கொண்டால் இடுப்பை அதிகம் நெரித்துவிட்டீர்கள், குறையுங்கள். மேல்முதுகு வளையவே மறுத்தால், சுருட்டிய துண்டை ஷோல்டர் பிளேடுகளின் அடிப்பகுதிக்குக் குறுக்கே போட்டு இரண்டு நிமிடம் மல்லாந்து படுத்துப் பழகுங்கள்.

பவர்லிஃப்டிங் (அதிகபட்ச எடை தூக்கும் போட்டி) வீரர்களின் பாலம் போன்ற வளைவு வேறு கணக்கு. வளைவு கூடக் கூடப் பார் பயணிக்கும் தூரம் குறையும், அதிக எடை தூக்கலாம். போட்டிக்கு அது சரியான தந்திரம். சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பான ஐபிஎஃப் 2023 முதல் அதற்கும் ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது: பார் நெஞ்சைத் தொடும்போது முழங்கையின் அடிப்பக்கம் தோள்மூட்டின் மேல்மட்டத்துக்காவது இறங்கியிருக்க வேண்டும். மார்பு வளர்க்க வருகிறவருக்கு அந்தத் தூரத்தைக் குறைப்பதில் லாபமே இல்லை.