டின் எண்ணெயை பாட்டிலில் அடைத்து விற்கும் அண்ணாச்சிகளுக்கு

பழைய வண்ணாரப்பேட்டையில் எண்ணெய்க் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை வரை வாடிக்கை உண்டு. கொஞ்ச நாளாக எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "எண்ணெய்க்குப் புது சட்டமாமே, அது பெரிய கம்பெனிக்குத்தானே?" இல்லை அண்ணாச்சி. கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் டின் எடுத்து வந்து, கடைப் பின்கட்டில் அரை லிட்டர் பாட்டிலில் அடைத்து, உங்கள் கடைப் பெயரில் ஸ்டிக்கர் ஒட்டுகிறீர்கள் அல்லவா? அந்த நிமிடமே நீங்கள் சில்லறை வியாபாரி மட்டும் இல்லை, ரீபேக்கர். வரப்போகும் தொல்லை எல்லாம் இதை ஒத்துக்கொள்ளாமல் இருப்பதால்தான் வரும்.

உணவு பாதுகாப்புத் துறை கொடுத்த சான்றிதழை இன்றே சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்து இறக்கிப் பாருங்கள். தொழில் வகை என்ற இடத்தில் பெரும்பாலான கடைகளுக்கு சில்லறை விற்பனை என்று மட்டும் இருக்கும். ஃபோஸ்கோஸ் என்ற உணவு உரிம இணையதளத்தில் மனு போட்டு ரீபேக்கர் வகையையும் சேர்க்க வேண்டும். அந்த 14 இலக்க எண் லேபிளில் மட்டுமல்ல, பில்லிலும் வர வேண்டும். 2022 ஜனவரி 1 முதலே அது கட்டாயம். அப்புறம் எடையளவுச் சட்டப்படி பேக்கர் பதிவு. பேக்கிங் தொடங்கி 90 நாளுக்குள் எடுக்க வேண்டியது. நம் மாநிலத்தில் அதைத் தொழிலாளர் துறைதான் பார்க்கிறது. தராசுக்கு முத்திரை போட வருகிற அதே துறை.

இப்போது பேச்சாக இருப்பது வோப்பா என்று சுருக்கமாகச் சொல்லும் தாவர எண்ணெய் ஆணை. 2011இல் வந்தது, 2025 ஆகஸ்டில் திருத்தினார்கள். தயாரிப்பவர், கலப்பவர், ரீபேக்கர் எல்லாரும் பதிவு செய்ய வேண்டும், மாதாமாதம் உற்பத்தியும் இருப்பும் சொல்லி ரிட்டர்ன் போட வேண்டும் என்கிறது. மத்திய உணவுத் துறைக்கு நம் இருப்பு எதற்கு என்று கேட்காதீர்கள். நாட்டுக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில்தான் வருகிறது. கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்திக்கு அடிப்படை வரியை 2024 செப்டம்பரில் 20 சதவீதம் ஆக்கினார்கள், 2025 மே கடைசியில் 10 ஆகக் குறைத்தார்கள். வரியைக் குறைத்தும் கடையில் விலை இறங்காவிட்டால், சரக்கு எங்கே தங்குகிறது என்று பார்க்க அவர்களுக்குக் கணக்கு வேண்டும். பதிவு, தேசிய ஒற்றைச் சாளரத் தளத்தில். பான், ஜிஎஸ்டி, உணவு உரிம எண் மூன்றையும் ஒரே முகவரியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஒன்றில் குடோன், ஒன்றில் வீடு என்று இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். ரிட்டர்னுக்குக் கெடு மாதம் 15ஆம் தேதி.

ரிட்டர்ன் போடுவது பெரிய வேலை இல்லை, நோட்டு இல்லாமல் போடுவதுதான் பெரிய வேலை. ஒரு நீள நோட்டு வாங்கி, எண்ணெய் வகைக்குப் பத்து பக்கம் ஒதுக்குங்கள். மாத ஆரம்ப இருப்பு, வந்த டின், அடைத்த பாட்டில், விற்றது, மீதி. எல்லாமே கிலோவில் எழுதுங்கள். லிட்டரையும் கிலோவையும் கலந்து எழுதுகிற நோட்டு மாதக் கடைசியில் ஒருநாளும் கணக்கு ஒத்துப்போகாது. கடலை எண்ணெய் லிட்டருக்கு ஏறக்குறைய 910 கிராம். ஆக 15 லிட்டர் டின் என்றால் முப்பது அரை லிட்டர் பாட்டில், 15 கிலோ டின் என்றால் முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே டின்தான்! பில்லில் எது என்று எழுதி வாங்குங்கள். டின்னில் ஒட்டிக்கொள்ளும் எண்ணெயைக் கழிவு என்று தனி வரியில் எழுதுங்கள். காலி டின்னில் திரும்ப எண்ணெய் அடைக்கக் கூடாது, அது தனிக் குற்றம். பழைய இரும்புக்காரருக்குப் போட்ட ரசீதை நோட்டிலேயே ஒட்டி வையுங்கள்.

லேபிளில்தான் நோட்டீஸ் வருகிறது, எண்ணெயில் இல்லை. லிட்டர் போட்டால் கூடவே கிராமும் போட வேண்டும், வெப்பநிலை போடக் கூடாது. காரணம் இருக்கிறது. ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம். "60 டிகிரியில் 1 லிட்டர்" என்று பொடி எழுத்தில் போட்டுக் கொஞ்சம் மிச்சம் பிடித்தவர்கள் இருந்தார்கள். 2023 ஜனவரி 15க்குள் மாற்றச் சொல்லிவிட்டார்கள். ஒரு லிட்டருக்குக் குறைந்த பாட்டிலில் மில்லிக்கு என்ன விலை என்பதும் வர வேண்டும்; அரை லிட்டர் 190 ரூபாய் என்றால் மில்லிக்கு 38 காசு. பேக் செய்த தேதி, பேட்ச் எண், முழு முகவரி, புகார் சொல்ல ஃபோன் எண் எல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாமல் மாட்டுவது 'டபுள் ரீஃபைண்ட்' என்ற பெருமைதான். அதுவும் 'ஆன்ட்டி கொலஸ்ட்ரால்' போன்றவையும் எண்ணெய் லேபிளில் தடை. ஸ்டிக்கர் டிசைன் பண்ணுகிற பையன் அழகுக்காகச் சேர்த்துவிடுவான். அச்சுக்குப் போகும் முன் நீங்களே படியுங்கள்.

தூக்கு கொண்டு வருகிறவர்களுக்கு அளந்து ஊற்றுகிறீர்களா? லூஸ் எண்ணெய் விற்பனை 2011 விதிப்படியே கூடாது. 1998இல் டில்லியில் கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு எண்ணெய் கலந்து பலர் செத்த பிறகு இறுகிய விஷயம் இது. மாநில அரசு விலக்கு தரலாம் என்று ஒரு வரி இருக்கிறது என்று சங்கத்தில் சொல்வார்கள், அதை நம்பிக் கடை நடத்த வேண்டாம். ஐம்பது ரூபாய்க்குக் கேட்கிற ஆயாவுக்கு 200 மில்லி பாட்டில் அடைத்து வையுங்கள். வியாபாரம் போகாது.

ஸ்டிக்கரை மொத்தமாக அடித்தால் மலிவு என்று மண்ணடி அச்சகத்தில் சொல்வார்கள். கேட்காதீர்கள், மூன்று மாதத்துக்கு மட்டும் அடியுங்கள். 2022இல் நிலையான பேக் அளவுகளை எடுத்துவிட்டதால் இன்று 800, 850, 910 கிராம் என்று ஆளுக்கொரு அளவு. பழையபடி அளவை நிர்ணயிக்கச் சொல்லி எண்ணெய்த் தொழில்காரர்களே கேட்கிறார்கள். சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு மூன்றையும் தடித்த எழுத்தில் போட வைக்கும் யோசனைக்கு உணவு பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூலையில் ஒப்புதல் கொடுத்தது. அது நடைமுறைக்கு வந்தால், நிறைவுற்ற கொழுப்பு அதிகம் உள்ள தேங்காய் எண்ணெய் விற்பவர்களுக்குத்தான் முதல் செலவு. லேபிள் திருத்தங்களை ஜூலை 1ஆம் தேதி என்று வைத்து அமல்படுத்துவது அவர்கள் வழக்கம், அதனால் ஏப்ரல், மே மாதங்களில் அச்சகப் பக்கமே போகாமல் இருந்தால் நல்லது.