சுவாஷ் மரச் சிற்பப் பூங்கா: பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ரஷ்யாவில் வோல்கா ஆற்றோரம் இருக்கிறது சுவாஷியா குடியரசு. அங்கு வாழும் சுவாஷ் மக்களின் புராண உருவங்களை மரத்தில் செதுக்கி நிறுத்திய பூங்காவுக்குப் போகிறவர்கள் முதலில் சறுக்குவது, "எல்லாம் ரஷ்ய நாட்டுப்புறக் கதை" என்று முடிவுகட்டும்போதுதான். சுவாஷ் மொழி, துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் ஓகூர் கிளையில் இன்றும் பேசப்படுவது இது ஒன்றே. தலைமைத் தெய்வம் தூராவுக்குச் சொந்தம் தேடினால் ஸ்டெப்பி புல்வெளி மக்களின் வானக் கடவுளான தெங்ரியிடம்தான் போய் நிற்க வேண்டும். அதற்காக, ஊரே இன்னும் தூராவைக் கும்பிடுகிறது என்றும் எழுதிவிடாதீர்கள். இன்று பெரும்பாலோர் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள்.

அடுத்தது யூபா. மனித உருவச் சாயலில் செதுக்கிய கம்பத்தைக் கண்டதும் சாமி சிலை என்று நினைக்கிறார்கள். அது இறந்தவருக்கான நினைவுக் கம்பம். ஆணுக்கு ஓக் மரம், பெண்ணுக்கு லிண்டன் மரம் என்பது பழைய வழக்கம். அந்த ஆண்டில் இறந்தவர்களுக்கு, இலையுதிர்காலத்தில் சடங்கு செய்து கல்லறையில் நடுவார்கள். பூங்காவில் நிற்பது காட்சிக்காகச் செய்ததாக இருக்கலாம். ஆனாலும் அதன் தோளில் கைபோட்டுப் படம் எடுப்பது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

கிரெமெத் என்றால் பேய் என்று ஒரே வரியில் முடிப்பதும் சரியில்லை. பலி கொடுத்து வேண்டிக்கொண்ட புனிதத் தோப்புக்கும், அங்கே உறையும் ஆவிக்கும் அதே பெயர்தான். கிறித்தவம் பரவிய பிறகு அதன்மேல் தீமையின் சாயல் அழுத்தமாக ஏறியது.

மற்றபடி, கதை தெரியாமல் உருவத்தை மட்டும் பார்த்தால் பாதி போய்விடும். உலாப் என்ற ராட்சதன் தன் மரப்பட்டைச் செருப்பில் ஒட்டிய மண்ணை உதறியதால் உண்டானவை அங்குள்ள மேடுகள் என்பார்கள். கிரகணம் வந்தால், வூபர் என்ற தீய ஆவி நிலவைத் தின்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் மரம். உச்சி வெயிலில் எடுக்கும் படத்தில் செதுக்கல் தட்டையாகத் தெரியும். காலையிலோ மாலையிலோ பக்கவாட்டு வெளிச்சம் விழும்போது உளித்தடம் ஒவ்வொன்றும் எழுந்து நிற்கும். முகத்திலிருந்து அடிவரை ஓடும் நீளப் பிளவைப் பார்த்து, பராமரிப்பே இல்லை என்று திட்ட வேண்டாம். முழு அடிமரம் காயும்போது, நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கிச் சுருங்குவதைவிட வளையங்களின் சுற்றுவாக்கில் அதிகம் சுருங்குவதால் அப்படித்தான் வெடிக்கும். கவனிக்க வேண்டியது அடிப்பகுதியை. ஈரம் தங்கி முதலில் உளுத்துப்போவது மண்ணைத் தொடும் இடம்தான். மேலே திடமாகத் தெரிகிறதே என்று குழந்தைகளை ஏற்றி உட்காரவைக்காதீர்கள்.