துடும்புக்குக் கிளிக் வைக்கும்போது செய்யும் தவறுகள்

கோவை, பொள்ளாச்சி, ஈரோட்டுப் பக்கம் நோம்பிப் பாட்டு (கோயில் திருவிழாப் பாட்டு) ஆல்பம் போடுகிறவர்கள் இப்போது துடும்பு, பம்பை ஆகிய மேளங்களை வாசிக்கிறவர்களை ஸ்டுடியோவுக்கே அழைத்துவிடுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அவர்கள் காதில் ஹெட்போனை மாட்டி, முதலிலிருந்து கடைசிவரை ஒரே வேகத்தில் கிளிக்கை, அதாவது தாள வேகத்தைக் காட்டும் ‘டிக், டிக்’ ஒலியை, ஓடவிடுவதுதான் பெரிய தவறு.

கோயில் கம்பத்தைச் சுற்றி ஆடும் கம்பத்தாட்டம் நிதானமாகத் தொடங்கிப் போகப்போக வேகம் பிடிப்பது. தொடக்கத்தில் நிமிடத்துக்கு 96 அடி, முடிவில் 120 என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவே 108-ஐப் பிடித்து நிறுத்தினால் தொடக்கம் ஓடும், முடிவு இழுக்கும். முதலில் கிளிக் இல்லாமல் முழுப்பாட்டையும் வாசிக்கச் சொல்லிச் செல்போனிலாவது பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு பகுதியின் வேகத்தையும் அளந்து, மென்பொருளில் கிளிக்கை அதன்படி படிப்படியாக ஏற்றுங்கள். ஒரு மணி நேர வேலை, சோம்பல் படக்கூடாது.

அடுத்தது நடை, அதாவது ஓர் அடியை எத்தனையாகப் பிரிப்பது என்பது. அடியை மூன்றாகப் பிரிக்கும் திஸ்ர நடைப் பாட்டுக்கு, நான்காகப் பிரித்த கிளிக்கைப் போடுகிறார்கள். 120 வேகத்தில் ஓர் அடி 500 மில்லி விநாடி. மூன்றாகப் பிரித்தால் 167, நான்காகப் பிரித்தால் 125. அந்த 42 மில்லி விநாடி இடைவெளியில் மேளக்காரரின் கை எதை நம்புவது என்று தடுமாறும். பழி என்னவோ அவர்மேல்தான் விழுகிறது.

துடும்பின் முழக்கத்தில் கிளிக் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டினால் அது மைக்கில் கசியும். நடுவில் தெரியாது, கடைசி அடி விழுந்து அதிர்வு அடங்கும்போது பின்னாலேயே ‘டிக், டிக்’ என்று கேட்கும். காதை முழுதாக மூடும் ஹெட்போன் கொடுங்கள். ஒலியைக் கூட்டாமல், கனத்த மேளத்தில் அமுங்காத கூர்மையான ஒலியாக மாற்றுங்கள். கடைசி அடிக்குச் சற்று முன்பே கிளிக்கை நிறுத்திவிடுங்கள்.

எல்லோருக்கும் ஹெட்போன் வேண்டியதில்லை. முன்னின்று வாசிப்பவருக்கு மட்டும் போதும். மற்றவர்கள் அவர் கையைப் பார்த்தே வாசித்துப் பழகியவர்கள். ஆனால் அருகருகே நிற்கவையுங்கள். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி விநாடி ஆகும். பத்து மீட்டர் தள்ளி நின்றால் 29 மில்லி விநாடி பிந்தும்.

பதிவு முடிந்ததும் ஒவ்வோர் அடியையும் மென்பொருளின் தாளக் கட்டத்துக்குள் இழுத்து உட்காரவைக்கும் ஆசை வரும். இரண்டு துடும்புகள் இம்மி முன்பின்னாக விழுவதில்தான் அந்தக் கனமே இருக்கிறது. தாளம் உண்மையிலேயே பிசகிய இடத்தை மட்டும் தொடுங்கள். அதற்குப் பிறகும் ஒட்டவில்லையென்றால் அந்தப் பகுதியை மறுபடி வாசிக்கச் சொல்லலாம். குழு இன்னும் ஸ்டுடியோவில்தானே இருக்கிறது.