பழைய குடும்பப் படங்கள்: காப்பாற்றுவதாக நினைத்துக் கெடுத்துவிடும் இடங்கள்

பழைய ஆல்பத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவெடுத்ததும் பெரும்பாலோர் முதலில் ஸ்கேனர் தேடுகிறார்கள். வரிசை அங்கேயே பிசகிவிடுகிறது. சரியாகக் கழுவி அச்சிட்ட கறுப்பு வெள்ளைப் படம் ஈரமில்லாத இடத்தில் இருந்தால் நூறு வருடம் தாண்டியும் நிற்கும். அதில் நிற்பவர்கள் யார் யார் என்று சொல்லத் தெரிந்தவருக்கோ எண்பது வயது ஆகியிருக்கும். ஸ்கேனர் அடுத்த மாதமும் கிடைக்கும். முதலில் அவரிடம் போய் உட்காருங்கள்.

பழம்பொருள் கடைகளில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் குடும்பப் படங்கள் எல்லாம் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்தவைதான். அவை கெட்டுப்போனதால் கடைக்கு வரவில்லை. இன்னார் என்று அடையாளம் காட்ட ஆளில்லாமல் போனதால் வந்தன.

கேட்கும் விதம்

ஆல்பத்தை மடியில் வைத்து, ஒவ்வொரு முகமாக விரல் நீட்டி "இது யாரு? இது யாரு?" என்று கேட்பது பரீட்சை வைப்பது போல. நாலு முறை "ஞாபகம் இல்லையே" என்று சொல்ல நேர்ந்தால் பெரியவர்களுக்குச் சங்கடமாகிவிடும். பேச்சு அதோடு நின்றுவிடும். அவர்களுக்கு உறுதியாகத் தெரிந்த இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். "இதுல நீங்க எங்க நிக்கிறீங்க? எதுக்காக எல்லாரும் கூடினீங்க? இந்தச் சட்டை உங்களுதா?" என்று கேட்டால் சட்டையைப் பற்றிய பேச்சில் ஒரு அண்ணன் வருவார், அண்ணனைத் தொட்டு அவருடைய நண்பர் வருவார். பின்வரிசையில் பாதி முகம் மட்டும் தெரிகிறவர் அந்த நண்பராகவே இருக்கலாம்.

பேச்சை போனில் பதிவு செய்வது நல்லது, அவரிடம் சொல்லிவிட்டு. ஆனால் "இவன்தான் மூத்தவன், பக்கத்தில அவன் பொண்டாட்டி" என்று பதிவில் கேட்டால், இரண்டு மாதம் கழித்து எந்தப் படத்தைச் சொன்னார் என்று உங்களுக்கே தெரியாது. ஒவ்வொரு படத்துக்கும் முன்கூட்டியே எண் கொடுத்து, பக்கம் திருப்பும்போதெல்லாம் "இப்ப பதினேழாம் படம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பெரியவர்கள் இருவரைச் சேர்த்து உட்கார வைத்தால் ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்துக் கொடுப்பார். சண்டையும் வரும், வரட்டும். அத்தை ஒரு பெயரும் சித்தப்பா வேறு பெயரும் சொன்னால் இரண்டையும், யார் சொன்னது என்பதோடு எழுதி வையுங்கள். நாமே நடுவராகி ஒன்றை அடித்துவிடக் கூடாது.

எழுதும்போது வரும் பெரிய பிழை உறவுமுறையை மட்டும் எழுதுவது. பின்பக்கத்தில் "பெரியப்பா" என்று இருக்கும். யாருடைய பெரியப்பா? எழுதியவருக்குப் பெரியப்பா என்றால் அவருடைய மகளுக்குத் தாத்தா முறை; அத்தை வீட்டுப் பிள்ளைகளுக்கு மாமா. முழுப்பெயர், யாருடைய மகன் அல்லது மகள், இடம், சுமாரான வருடம் ஆகிய நான்கும் இருந்தால் யார் கையில் போனாலும் படம் பேசும்.

எதில் எழுதுவது என்பதிலும் கவனம் வேண்டும். பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி எழுதினால் கோடு முன்பக்கம் புடைத்துத் தெரியும், சில நேரம் ஒருவர் கன்னத்துக்குக் குறுக்காகவே. ஜெல் பேனா மை காயாமல் அடுக்கினால் கீழே உள்ள படத்தின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். பழைய காகிதப் படமென்றால் மென்மையான பென்சிலால் ஓரமாக, அழுத்தாமல் எழுதலாம். 1970களுக்குப் பிந்தைய படங்களில் பெரும்பாலானவற்றின் காகிதம் பிளாஸ்டிக் பூசியது. அதில் பென்சில் பிடிக்காது. உறையின் மேல் எழுதிவிட்டு, பிறகு படத்தை உள்ளே வையுங்கள். குரூப் போட்டோவென்றால் சிலர் மேலே மெல்லிய தாளை விரித்து உருவங்களைச் சுற்றி வரைவார்கள். பென்சில் முனை தாளைத் தாண்டிப் படத்தில் பள்ளம் போட்டுவிடும். ஒரு நகல் எடுத்து, நகலில் எண் போடுவதே சரி.

படத்தை அப்படியே நம்புவது

கலர் பிரிண்டின் வெள்ளை ஓரத்தில் மாதமும் வருடமும் அச்சாகியிருந்தால் அதைப் படம் எடுத்த நாள் என்று எடுத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது பிரிண்ட் போட்ட மாதம். கேமராவுக்குள் பாதி ரோல் மிச்சமிருக்க, அடுத்த விசேஷம் வரைக்கும் காத்திருந்த காலம் அது. குழந்தையின் வயதோடு தேதி ஒத்துப்போகவில்லையென்றால் வயதை நம்புங்கள்.

ஃபிலிமுக்கு முன்பு கேமராவில் வைத்துப் படம் பிடித்த ஆரம்பகாலக் கறுப்பு வெள்ளைத் தகடுகளில் இன்னொரு பொறி உண்டு. அவை சிவப்பு ஒளியைக் கிட்டத்தட்ட உணராதவை. நீலத்துக்கு மிக வேகமாக மறுவினை காட்டின. அதனால் சிவப்பு உடை கறுப்பாகவும் நீல உடை வெளிறியும் பதிந்தன. எல்லா நிறங்களையும் உணரும் தகடு 1906இல் விற்பனைக்கு வந்தது. பரவலாக இன்னும் பல ஆண்டுகள் பிடித்தது. ஆகவே கொள்ளுப்பாட்டி கறுப்பு உடையில் நிற்பதைப் பார்த்து "துக்கத்தில் இருந்திருக்கிறார்" என்று கதை கட்ட வேண்டாம். பளிச்சென்ற சிவப்பாகவும் இருந்திருக்கலாம். முகத்தில் சிரிப்பில்லை என்பதற்காக யாரையும் கடுகடுப்பானவர் என்று முடிவு செய்யவும் வேண்டாம். அசையாமல் நிற்க வேண்டியிருந்தது, படமெடுப்பது அன்று கம்பீரமான காரியமாகவும் இருந்தது.

இந்த விஷயம் இப்போது புதிதாகச் சூடு பிடித்திருக்கிறது, செயலிகளால். மங்கிய படத்தைக் கொடுத்தால் துல்லியமான முகத்தைத் திருப்பித் தரும் செயலி, இல்லாத விவரத்தை எங்கிருந்தும் மீட்பதில்லை. லட்சக்கணக்கான வேறு முகங்களைப் பார்த்துப் பழகிய பழக்கத்தில் ஊகித்து வரைகிறது. வருகிற மூக்கு உங்கள் தாத்தாவுடையது அல்ல. வீட்டில் இருப்பவர்கள் அதையே திரும்பத் திரும்பப் பார்த்தால் உண்மையான முகம் நினைவிலிருந்து நகர்ந்துவிடும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2002இல் கிம்பர்லி வேட் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வு செய்தவர்களும் 20 பேரிடம், அவர்கள் சிறுவயதில் வெப்பக்காற்று பலூனில் போனதுபோல் ஒட்டுவேலை செய்த குடும்பப் படத்தைக் காட்டினார்கள். அப்படி ஒரு பயணம் நடக்கவே இல்லை. மூன்று முறை பேட்டி எடுத்த பிறகு பாதிப்பேர் அந்தப் பயணத்தை முழுதாகவோ கொஞ்சமாகவோ "நினைவுகூர்ந்தார்கள்". நிறம் ஏற்றிப் பார்ப்பதில் ஆசை இருந்தால் தாராளமாகச் செய்யலாம். கோப்பின் பெயரிலேயே "திருத்தியது" என்று போட்டு, அசலைத் தொடாமல் தனியே வைத்திருங்கள்.

ஆல்பமே எதிரி

பக்கம் முழுக்கப் பசைக்கோடு, மேலே பிளாஸ்டிக் தாள், உரித்து ஒட்டினால் போதும் என்று ஒரு காலத்தில் எல்லா வீடுகளிலும் புகுந்த ஆல்பத்தைப் போலப் படங்களுக்குக் கெடுதல் செய்தது குறைவு. பசை வருடங்களில் மஞ்சளாகி இறுகும். அட்டையில் உள்ள அமிலமும் மேல்தாளின் வேதிப்பொருளும் படத்தில் இறங்கும். அதற்காக இன்றைக்கே பிய்த்தெடுக்க உட்கார்ந்தால் சேதம் அதிகமாகும். முதலில் பக்கத்தை முழுசாக ஒரு படம் எடுங்கள். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது இருந்தது, என்ன எழுதியிருந்தது என்பதும் தகவல்தான். பிறகு ஒரு மூலையில் பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலை நுழைத்து, ரம்பம் இழுப்பதுபோல் மெதுவாக முன்னும் பின்னும் இழுத்தால் பசை அறுபட்டுப் படம் விடுபடும். படத்தை வளைக்காதீர்கள், பக்கத்தைத்தான் வளைக்க வேண்டும். வரவே மாட்டேன் என்றால் விட்டுவிட்டு அப்படியே ஸ்கேன் செய்யுங்கள்.

கிழிந்த படத்தைச் செல்லோடேப்பால் ஒட்டுவது, லேமினேஷன் செய்வது, இரண்டும் கூடவே கூடாது. டேப் பசை பழுப்புக் கறையாகப் படத்துக்குள் ஊறும். லேமினேஷனைப் பிரிக்க வழியே கிடையாது. கிழிந்த துண்டுகளை ஒரே உறையில் போட்டு வைத்தால் போதும். சுவரில் மாட்ட நகலை மாட்டுங்கள். அசலை மாட்டியே ஆக வேண்டுமென்றால் கண்ணாடி படத்தைத் தொடாதபடி இடையில் அட்டை விளிம்பு இருக்கட்டும். ஈரப்பதத்தில் படத்தின் மேல்பூச்சான ஜெலட்டின் இளகி கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது முகம் கண்ணாடியில் தங்கிவிடும்.

கலர் படங்கள் கறுப்பு வெள்ளையைவிட நோஞ்சான்கள். 1960, 70களின் பிரிண்ட்கள் பலவும் வெளிச்சமே படாமல் மூடி வைத்திருந்தாலும் சிவப்பேறிப் போகும், அதிலுள்ள நீலப்பச்சைச் சாயம் முதலில் கரைவதால். எதை முதலில் ஸ்கேன் செய்வது என்று குழப்பமென்றால் வயதில் மூத்த கறுப்பு வெள்ளையைத் தள்ளி வைத்து இவற்றை எடுங்கள்.

"பிரிண்ட்தான் இருக்கிறதே" என்று நெகட்டிவைக் குப்பையில் போடுவதும் சாதாரணமாக நடக்கிறது. பிரிண்ட் போடும்போது ஓரத்தில் வெட்டுப்பட்ட ஆள் நெகட்டிவில் முழுசாக நின்றுகொண்டிருப்பார். நெகட்டிவ் பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாசனை அடித்தால் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது; அதை மற்றவற்றிலிருந்து பிரித்து உடனே ஸ்கேன் செய்ய வேண்டும். மிகப் பழைய நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பற்றும். ஃபிலிம் தயாரித்த கோடாக் நிறுவனம் அதை 1951இல் நிறுத்திவிட்டது. அதற்கு முந்தைய ஃபிலிம் ஒட்டும் பிசுபிசுப்பாக இருந்தால் வீட்டில் வைத்துப் பரிசோதிக்காமல் ஆவணக்காப்பகத்தில் விசாரியுங்கள்.

ஸ்கேனும் அதன் பின்னும்

ஸ்கேன் செய்யும் நுணுக்கம் பிரிண்டுக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு), 35 மில்லிமீட்டர் நெகட்டிவுக்கு 2400 அல்லது அதற்கு மேல். கறுப்பு வெள்ளையையும் கலர் முறையில் எடுத்தால் மங்கலும் கறையும் அப்படியே பதியும். பின்னால் சரிசெய்ய உதவும். பின்பக்கத்தையும் எடுங்கள். அசல் கோப்பு தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) வடிவில் இருக்கட்டும். படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் (JPEG) கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் போகும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். குடும்பக் குழுவில் போட்டாயிற்று என்பது சேமிப்பில் சேராது.

ஆயிரம் படத்தையும் செய்கிறேன் என்று இறங்கி நூறில் களைத்து விட்டவர்களே அதிகம். முக்கியமான ஐம்பதைத் தேர்ந்து, பெயரோடு முழுமையாக முடிப்பது மேல். தேர்வு செய்யும்போது வரிசையாக நிற்கும் படங்களையே எடுக்காதீர்கள். சமையலறை, வாசல், வேலை செய்கிற கை தெரியும் கோணலான படத்தில்தான் வாழ்ந்த வாழ்க்கை அதிகம் இருக்கும். ஸ்கேன் முடிந்ததும் அசலை வீசக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

வெள்ளத்தில் நனைந்து ஒட்டிப்போன படங்களை உலர வைத்துப் பிரிக்கப் பார்ப்பவர்கள் அதோடு அவற்றை இழக்கிறார்கள். ஈரமாக இருக்கும்போதே சுத்தமான குளிர்ந்த நீரில் மிதக்கவிட்டால் பெரும்பாலும் தானாகப் பிரியும். பிறகு படப்பக்கம் மேலே இருக்கும்படி நிழலில் காய வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். 48 மணி நேரத்துக்குள் முடியாதென்றால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃபிரீசரில் வைத்துவிட்டு, நேரம் கிடைக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம். ஜப்பானில் 2011 சுனாமிக்குப் பிறகு தன்னார்வலர்கள் சேற்றிலிருந்து எடுத்த எண்ணற்ற குடும்பப் படங்களை நீரில் கழுவி உரியவர்களிடம் சேர்த்தார்கள்.

கடைசியாக, எல்லாவற்றையும் ஒரே ஹார்ட் டிஸ்கில் போட்டு ஒரே ஆளிடம் விடாதீர்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு வீட்டில். ஆன்லைனில் வைத்தால் பாஸ்வேர்டு தெரிந்த இரண்டாவது ஆள் ஒருவர் வேண்டும். அசல் ஆல்பம் எந்த வீட்டில் இருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். பங்கு பிரிக்கும் நாளில் அலமாரியைக் காலி செய்கிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.