குவாண்டம் கணினி ஆய்வுரை: எதைக் குறிப்பது, எதைக் கேட்பது, அதில் வேலையை எப்படிக் கண்டுகொள்வது

பாதி உரை புரியாமல் போவது மாணவருக்கு இயல்பு. எந்த இடத்தில் பிடி நழுவியது என்றே தெரியாமல் எழுந்து வருவதுதான் நஷ்டம்.

முந்தைய நாள் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பேச்சாளரின் பெயரை, ஆய்வுக் கட்டுரைகள் இலவசமாகக் கிடைக்கும் ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் தேடி, உரையின் தலைப்புக்கு நெருங்கிய ஒரு கட்டுரையை எடுங்கள். சுருக்கம், முதல் படம், முடிவுரை, இவ்வளவு போதும். குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகான க்யூபிட் எந்த வகை என்பதை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்: மீகடத்திச் சுற்றா, அயனிப் பொறியா, நடுநிலை அணுவா, ஒளித்துகளா? அது தெரியாவிட்டால் திரையில் வரும் எண் பெரியதா சிறியதா என்றே புரியாது.

நோட்டுப் பக்கத்தின் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் எண்கள், வலப்பக்கம் புரியாத சொற்கள். ஸ்லைடை அப்படியே நகலெடுக்க வேண்டாம். கை ஓடும்போது காது மூடிக்கொள்ளும்.

இடப்பக்கத்தில் தவறாமல் இருக்க வேண்டியவை மூன்று. க்யூபிட் கிளர்நிலையிலிருந்து விழும் காலமான டி1, அதன் அலைக் கட்ட (phase) ஒழுங்கு கலையும் காலமான டி2, க்யூபிட் மீது செய்யும் ஒரு செயலான கேட் எவ்வளவு பிழையின்றி நடக்கிறது என்று சொல்லும் கேட் துல்லியம். டி1 100 மைக்ரோவிநாடி, ஒரு கேட்டுக்கு 50 நானோவிநாடி என்றால் அந்தக் காலத்துக்குள் 2000 கேட் அடங்கும். ஆனால் துல்லியம் 99% என்றால் 100 கேட்டிலேயே பிழையின்றி முடியும் வாய்ப்பு சுமார் 37%-ஆக இறங்கிவிடும். துல்லியம் 99.9% ஆனால் அதே சரிவுக்கு 1000 கேட் ஆகும். ஒரே ஒரு 9 கூடியதற்கு இத்தனை மதிப்பு! டி2, டி1-இன் இருமடங்கைத் தாண்டாது, அதைவிட வெகுவாகக் குறைந்திருந்தால், "எந்த இரைச்சல் கட்டத்தைக் கலைக்கிறது?" என்று தயங்காமல் கேளுங்கள்.

இன்னொரு நல்ல கேள்வி: "இந்தத் துல்லியம் இரு க்யூபிட் கேட்டுக்கா? எல்லா இணைகளின் சராசரியா, சிறந்த இணையா?" க்யூபிட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். பல க்யூபிட்களைச் சேர்த்துப் பிழைதிருத்திய ஒரு தருக்க க்யூபிட்டை உருவாக்கும் முறைகளில் ஒன்று மேற்பரப்புக் குறியீடு; பிழை தாங்கும் திறனைக் காட்டும் அதன் தொலைவு 7 என்றால், ஒரே ஒரு தருக்க க்யூபிட்டுக்கு 97 க்யூபிட் வேண்டும். 2024-இல் கூகுள் அறிவித்த வில்லோ சில்லில் மொத்தமே 105.

வேலை தேடுபவர் நன்றி ஸ்லைடில் கண் வைக்க வேண்டும். சில்லு செய்தவர், அளந்தவர், மென்பொருள் எழுதியவர் எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள். மீகடத்தி க்யூபிட் தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகில், 10 முதல் 20 மில்லிகெல்வினில் இயங்குவதால் குளிரூட்டல், மைக்ரோவேவ் மின்னணுவியல், எஃப்பிஜிஏ (தேவைக்கேற்ப மாற்றி அமைக்கக்கூடிய சில்லு) தெரிந்தவர்கள் இல்லாமல் எதுவும் நகராது. பிழைதிருத்தக் கோட்பாட்டுக்கும் புது க்யூபிட் வடிவமைப்புக்கும் பெரும்பாலும் முனைவர் பட்டம் கேட்பார்கள். கட்டுப்பாட்டு மின்னணுவியலிலும் மென்பொருளிலும் அது இல்லாமலும் நுழையலாம். உரை முடிந்ததும் பேச்சாளரின் குழு மாணவரிடம், "வாரத்தில் எத்தனை நாள் அளவீடு, எத்தனை நாள் கோடிங்?" என்று கேளுங்கள். அந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

அந்த வாரமே, ஐபிஎம்மின் குவாண்டம் நிரலாக்கக் கருவியான கிஸ்கிட்டில் டி1 அளவீட்டைச் செய்து பாருங்கள்: க்யூபிட்டை 1 நிலைக்கு ஏற்றி, காத்திருந்து, அளந்து, ஒவ்வொரு காத்திருப்புக்கும் 1000 முறை. இரைச்சல் மாதிரி சேர்க்காத சிமுலேட்டரில் வளைகோடு சரியவே சரியாது. பலர் தடுமாறும் இடம் இது. காத்திருப்பு டி1-இன் 3 முதல் 5 மடங்கு வரை போகவேண்டும். இல்லாவிட்டால் வளைகோட்டின் வால்பகுதி கிடைக்காமல், டி1-ஐக் கணிக்கும் பொருத்தம் (fit) பிசகும். அந்த வரைபடத்தோடு, குறிப்பிட்ட ஒரு ஸ்லைடைப் பற்றிய ஒரே கேள்வியைப் பேச்சாளருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள்.