வயல் கணக்கை ஃபார்மில் பார்ப்பது: லிப்ரே ஆபிஸ் பேஸ், முதல் பாடம்

எந்த வயலில் எத்தனை சிப்பம் நெல் கண்டது என்று நோட்டில் எழுதிவைக்கும் வீடுகள் டெல்டாவில் நிறைய. அந்த நோட்டையே இன்று கம்ப்யூட்டருக்குக் கொண்டுவருவோம். புரோகிராம் எதுவும் எழுதத் தேவையில்லை. இலவச லிப்ரே ஆபிஸும் ஜாவாவும் இருந்தால் போதும்.

படி 1: லிப்ரே ஆபிஸில் உள்ள டேட்டாபேஸ் புரோகிராமான பேஸைத் திறந்து, புதிய டேட்டாபேஸ், எச்எஸ்கியூஎல்டிபி எம்பெடட் என்று தேர்ந்தெடுத்து, ‘வயல்கணக்கு’ என்று சேமியுங்கள்.

படி 2: டேபிள். ஃபார்ம் என்பது வெறும் ஜன்னல்தான், சரக்கெல்லாம் டேபிளில் இருக்கிறது. அதனால் இங்கே நிதானமாகச் செய்யுங்கள். ‘கிரியேட் டேபிள் இன் டிசைன் வியூ’ போய் இந்த ஃபீல்டுகளைக் கொடுங்கள்: எண், வயல், மா (வயலின் பரப்பளவு), பருவம், ரகம், அறுவடைத்தேதி, சிப்பம்.

‘எண்’ இன்டிஜர், கீழே ஆட்டோவேல்யூவை ‘யெஸ்’ ஆக்கி, வரிசையின் இடது ஓரத்தில் ரைட் கிளிக் செய்து பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு பதிவையும் தனியாக அடையாளம் காட்டும் ஃபீல்டு, என்று வையுங்கள். இதை விட்டால் ஃபார்ம் திறக்கும், பதிவும் தெரியும், ஆனால் ஒரு எழுத்தைக்கூட மாற்ற விடாது. ‘மா’ டெசிமல், தசம இடத்தை 2 ஆக்குங்கள், 0 என்றே விட்டால் நாலரை மாவில் அரை மா நிற்காது. சிப்பம் இன்டிஜர், தேதிக்கு டேட், மற்றதெல்லாம் டெக்ஸ்ட். வெறும் ஆண்டு மட்டும் போதாதா என்றால், போதாது. ஆகஸ்டில் விதைத்த சம்பா ஜனவரியில்தான் அறுவடைக்கு வரும், எந்த ஆண்டில் சேர்ப்பது?

டேபிளைச் சேமித்துத் திறந்து, நாலைந்து வரி நிரப்புங்கள். ‘வாய்க்கால் கரை, 4.5, குறுவை, ஆடுதுறை 43’ என்கிற மாதிரி.

படி 3: இடப்பக்கம் ‘ஃபார்ம்ஸ்’, பிறகு ‘யூஸ் விசார்ட்’. இரட்டை அம்புக்குறி எல்லா ஃபீல்டையும் வலப்பக்கம் தள்ளிவிடும். சப்ஃபார்ம் இப்போது வேண்டாம். அடுக்கும் விதத்தில் முதல் படத்தையே எடுங்கள். அப்புறம் வரும் டேட்டா என்ட்ரி பக்கத்தில் ‘டிஸ்ப்ளே ஆல் டேட்டா’ என்பதே இருக்கட்டும்; புதிய பதிவுக்கு மட்டும் என்று மாற்றினால் ஏற்கெனவே போட்ட வரிகள் தெரியாது, எல்லாம் அழிந்துவிட்டது என்று பதறுவீர்கள். வண்ணம் உங்கள் விருப்பம். பெயர் கொடுத்து ‘ஃபினிஷ்’.

இப்போது ஒரு வயலின் விவரம் முழுதும் ஒரே திரையில் தெரியும். அடுத்த பதிவுக்குக் கீழேயுள்ள அம்புக்குறிகள்.

படி 4: குருவை, குறுவை என்று ஆளுக்கொரு விதமாக அடித்தால் பின்னால் தேட முடியாது. ஃபார்மை ‘எடிட்’டில் திறந்து, கண்ட்ரோல் கீயோடு பருவப் பெட்டியை மட்டும் கிளிக் செய்து, ரைட் கிளிக்கில் காம்போ பாக்ஸாக, அதாவது பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் பெட்டியாக, மாற்றுங்கள். ‘லிஸ்ட் என்ட்ரீஸ்’ இடத்தில் குறுவை, சம்பா, தாளடி. வரிக்கு வரி ஷிஃப்ட், என்டர்.

சம்பா மட்டும் பார்க்க வேண்டுமா? சம்பா இருக்கும் பதிவில் பருவப் பெட்டிக்குள் கர்சரை வைத்து, கீழே ஆட்டோஃபில்டர் புனலை அழுத்துங்கள்.

மூடும் முன் பேஸின் முதன்மை ஜன்னலிலும் ஒருமுறை சேமியுங்கள். ஃபார்மில் சேமித்தது மட்டும் ஃபைலுக்குப் போய்ச் சேராது.